ஒன்றும் ஆகாத ஞாயிற்றுக்கிழமை

சீட்டுக்காரர் என்றால் சீட்டுப் பிடிக்கிறவர் அல்ல, சீட்டாடுகிறவரும் அல்ல. பஸ், லாரி, வேன், மோட்டார் சைக்கிள் என்று மனிதர்கள் எதில் உட்கார்ந்து போனாலும், அந்த உட்காரும் இடத்தைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுக்கிறவர். யாராவது தப்பாக விசாரித்துக்கொண்டு வந்து நின்றால், "வண்டிச் சீட்டு கிழிஞ்சா இங்க வாங்க. வேலைச் சீட்டு கிழிஞ்சா வேற எடம் பாருங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

தகரக் கூரை போட்ட பட்டறை. பின்பக்கமே வீடு. பட்டறையில் எப்போதும் பசை வாசனை அடிக்கும். பழைய சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, குறட்டால் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெயிலில் வெடித்த ரெக்சினை உரித்தால் உள்ளே நொறுங்கிப்போன ஸ்பாஞ்சும், யாரோ தவறவிட்ட சீப்பும், ஒற்றைக் கம்மலும் கிடக்கும். ஒருமுறை ஒரு பால்பல்கூடக் கிடந்தது. தையல் மிஷினில் அவர் மனைவி உட்காருவாள். இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பது சீட்டுக்காரர். சின்ன ஆணிகளை உதட்டுக்குள் அடக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். வாயில் ஆணி இருக்கும்போது அவரிடம் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். சில நாள் அதற்காகவே அவர் ஆணியை வாயில் போட்டுக்கொள்கிறார் என்பது மனைவியின் சந்தேகம்.

அவர்களுக்கு ஒரே மகள். பதினாறு வயது. ஒல்லி. பட்டறை வீட்டுப் பெண். நாக்கும் கொஞ்சம் கூர். எனவே பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஊசி என்று பெயர் விழுந்தது. பிறகு தெருவுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

பக்கத்து மனை மெக்கானிக்குடையது. ஊருக்கு வரும் பெரிய வண்டிகள் எல்லாம் முதலில் அவர் ஷெட்டுக்குத்தான் போகும். இன்ஜின் வேலை முடிந்ததும், "அப்படியே சீட்டையும் பாத்துடுங்க" என்று அவர் கைகாட்டுகிற இடம் இந்தப் பட்டறை. அவர் கை காட்டுகிறவரைக்கும் இந்த வீட்டில் அடுப்பு எரியும் என்று ஊசியின் அம்மா சொல்வாள். அந்த மெக்கானிக்கின் மகன் சுழி. உச்சந்தலையில் இரண்டு சுழி இருந்ததால் வந்த பெயர், குணத்துக்கும் பொருந்திப்போனது. வகுப்பில் அவனைச் சுற்றி ஒரு கூட்டம் உண்டு. ஊசியும் அதில் ஒருத்தி. அவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிகிற, ஒட்டு என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண்ணும் உண்டு. கடைசியாக வந்து சேர்ந்தவன் கட்டையன், டவுன் பஸ் டிரைவரின் மகன். உயரம் குறைவு. எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிடுகிற பையன்.

மெயின் ரோட்டிலிருந்து லாரித் தடத்தில் இறங்கி நடந்தால் பழைய கல்லுக்குழி. கல் வெட்டுவதை நிறுத்தியபிறகு ஊற்றும் மழையும் சேர்ந்து நிரப்பியது. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடக்கும். ஒரு பக்கத்தில் பாறை பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மாடி உயரம். கூட்டத்தில் இருக்க வேண்டுமானால் அதிலிருந்து ஒருமுறையாவது குதிக்க வேண்டும். 'குதிச்சா ஆளு, குதிக்காட்டி தூளு' என்று கைதட்டிக்கொண்டே சொல்வார்கள். கைதட்டல் வேகமாகிக்கொண்டே போகும். குதிக்கிறவரை நிற்காது.

ஊசி போன வருஷம் குதித்தாள். தண்ணீர் பச்சை நிறமாக இருந்தது மேலேதான். உள்ளே கறுப்பு. எது மேல், எது கீழ் என்று தெரியாத கொஞ்ச நேரம் ஒன்று இருந்தது. கை ஒரு பாறையில் உரசியபிறகுதான் கால் உதைத்து மேலே வந்தாள். வந்ததும் சிரித்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரிக்காமல் என்ன செய்ய. வீட்டில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேர் குதித்தபோது அவளும் கைதட்டியிருக்கிறாள்.

கட்டையன் மட்டும் பாக்கி. அவனுக்கு நீச்சல் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் முழுக்க நல்ல மழை. அன்றைக்குத்தான் வானம் வெளுத்திருந்தது. தடமெல்லாம் சேறு. சுழி தன் அப்பாவின் ஷெட்டிலிருந்து காற்றடித்த லாரி ட்யூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"கீழ ட்யூப் மிதக்கும். அதுக்குப் பக்கத்துல குதிச்சா போதும். பிடிச்சுக்க. நீச்சலே தேவையில்ல."

"பிடி தப்புனா?" என்றாள் ஊசி.

"நாங்க இல்லையா?"

"நீங்க மேல நின்னு கைதட்டிட்டு இருப்பீங்க."

கட்டையன் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். இஸ்திரிக்குக் கொடுக்கப்போகிறவன் மாதிரி ஓரத்துக்கு ஓரம் சேர்த்து, நீவி நீவி மடித்தான். மடித்து முடிக்க அவனுக்கு மனசில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"டேய், வேணாம்டா. வீட்டுக்குப் போ."

"நீ குதிச்சல்ல?"

"குதிச்சேன். செத்துப்போயிடுவேன்னு நெனச்சேன்."

"சிரிச்சியேடி மேல வந்து," என்றாள் ஒட்டு.

"நீங்கல்லாம் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதான் சிரிச்சேன்."

சுழிக்கு முகம் சுருங்கியது. "உனக்குப் புடிக்கலன்னா போ. அவன் வாயில்லாப்பூச்சி இல்ல. அவனையே கேளு."

அவள் கேட்டாள். கட்டையன் அவளைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் பயமில்ல," என்று பாறையைப் பார்த்துச் சொன்னான். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான். கைதட்டல் ஆரம்பித்தது.

ஊசி திரும்பித் தடத்தில் ஓடினாள். பின்னால் யாரோ, "ஊசி ஒடிஞ்சு போச்சுடோய்" என்று கத்தியதும் சிரிப்பும் கேட்டன. செருப்பு சேற்றில் மாட்டியது, விட்டுவிட்டு ஓடினாள். மெயின் ரோட்டுக்கு வந்தபோது கண்ணுக்கு எட்டியவரை ஆள் இல்லை. தூரத்தில் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள்.

பஸ் அவள் முகத்துக்கு நேரே வந்து குலுங்கி நின்றது. டிரைவர் தலையை நீட்டித் திட்ட வாயெடுத்தவர், யாரென்று பார்த்து நிறுத்தினார்.

"மாமா, உங்க பையன் கல்லுக்குழியில குதிக்கப்போறான். அவனுக்கு நீச்சல் தெரியாது."

அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தார். ஒரு பஸ் முழுக்க ஜனங்களோடு லாரித் தடத்தில் இறங்கினார். முள்மரங்கள் ஜன்னலைக் கீறின. கண்டக்டர், "அண்ணே, ரூட்டு இது இல்லண்ணே" என்று கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கத்தினார். டிரைவர் ஒரு கையால் ஹாரனை அழுத்தியவர் எடுக்கவே இல்லை. குழிக்கு இந்தப்பக்கம் சேற்றில் முன்சக்கரம் இறங்கி, பஸ் சாய்ந்து நின்றது. அவர் குதித்து ஓடினார்.

ஹாரன் சத்தம் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, கரையில் பிள்ளைகள் நாலைந்து பேர் ட்யூபைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கட்டையன் சட்டை போட்டிருந்தான்.

"என்னப்பா, குளிக்க வந்த பசங்களைப் பாக்கவா எங்களை இங்க இழுத்துட்டு வந்தே?" என்றார் பயணி ஒருவர். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு அம்மாள் சேற்றில் நின்று அழுதாள். ரயிலைத் தவறவிட்ட ஒருவர் அன்று மாலையே டிப்போவில் புகார் எழுதிக் கொடுத்தார். டிரைவரை வேலைக்கு வர வேண்டாம், விசாரணைக்குக் கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஊசி உட்கார்ந்ததும் ஒட்டு எழுந்து பின் பெஞ்சுக்குப் போனாள். மதியம் கை கழுவுகிற இடத்தில் மட்டும் பக்கத்தில் வந்து, குழாயைப் பார்த்தபடி பேசினாள்.

"எல்லாரும் குளிக்கத்தான் போனோம்னு சொல்லப்போறோம். நீயும் அதையே சொல்லிடு. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது."

"டிரைவர் மாமாவுக்கு?"

"அவரு பெரியவரு. பாத்துக்குவாரு."

"நீ யோசிச்சுதான் பேசுறியா?"

"உனக்கு மட்டும்தான் மனசாட்சி இருக்கா? அன்னைக்கு நான் குதிச்சப்ப நீ கைதட்டுன. ஞாபகம் இருக்கா?"

ஒட்டு கையை உதறிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே ஊசி கட்டையனைப் பிடித்து நிறுத்தினாள். "உங்கப்பாடா. நீயாவது சொல்லுவ இல்ல?"

அவன் கொஞ்சநேரம் பை வாரைத் திருகிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அப்பாவுக்கு வேற வேலை கெடைக்கும். எனக்கு வேற கூட்டாளிங்க கெடைப்பாங்களா?"

அதற்குள் சுழி கூப்பிட்டான். அவன் ஓடினான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மெக்கானிக் பட்டறையில் இருந்தார். இன்னும் ரெக்சின் ஏறாத ஒரு மினி பஸ் சீட்டில், வெறும் ஸ்பாஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சீட்டு, உன் பொண்ணு பஸ்ஸையே நிறுத்திட்டாளாமே."

"அதாண்ணே சொல்றாங்க," என்றார் அப்பா.

"பசங்க குளிக்கப் போனாங்க. நாம அந்த வயசுல போகலையா?"

"போனோம்ணே."

"அவ்வளவுதான் விஷயம். இவ ஏதோ சொல்லப்போயி, அந்தாளு புத்தி கெட்டு பஸ்ஸைச் சேத்துல எறக்கிட்டான். அது அவன் பாடு, டிப்போ பாடு. இதுல என் பையன் பேரு எதுக்கு வரணும்? விசாரணையில இவளைக் கேட்டா, பயந்துட்டேன், தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை. பொம்பளப் புள்ள, யாரு என்ன சொல்லப்போறா?"

"நான் தெரியாம சொல்லல, பெரியப்பா," என்றாள் ஊசி வாசலில் இருந்தே.

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பவில்லை. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்பாஞ்சைத் தட்டிப் பார்த்தார். "இந்த மினி பஸ் வேலைக்கு அவசரமில்ல சீட்டு. பொறுமையா பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா மிஷினை நிறுத்தினாள்.

"கேட்டல்ல? பொறுமையா பாத்துக்கலாம்னா என்ன அர்த்தம் தெரியுமா உனக்கு? நாளைக்கு ஆள் வந்து எல்லா சீட்டையும் தூக்கிட்டுப் போவான்னு அர்த்தம்."

"போகட்டும்."

"போகட்டுமா? எதைத் திங்கிறதாம், நூலையா? ஊரோட ஒத்து வாழுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"ஊரே கல்லுக்குழியில குதிச்சா நானும் குதிக்கணுமா?"

"யாரு குதிச்சா? ஒருத்தரும் குதிக்கலல்ல. ஒண்ணும் ஆகலல்ல."

"ஒண்ணும் ஆகலன்னா, அது தானா ஆகாம போச்சாம்மா? நான் ஓடுனேன். அவரு பஸ்ஸைத் திருப்புனாரு. அதனாலதான் ஒண்ணும் ஆகல. அந்தப் பையன் செத்திருந்தா டிரைவர் மாமாவுக்கு லீவு குடுத்து மாலை வாங்கிட்டு வந்திருப்பாங்க. உசுரோட இருக்கான், அதனால வேலை போகுது."

"வாயி. இந்த வாயாலதான் நீ..." அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்."

அப்பா வாயில் ஆணி இருந்தது. அவர் ஒன்றை எடுத்து அடித்தார். இன்னொன்றை எடுத்து அடித்தார். மூன்றாவதை எடுக்கப்போனவர், உள்ளங்கையில் எல்லாவற்றையும் துப்பிவிட்டார்.

"பஸ்ஸு முன்னால போய் நின்னியே கண்ணு, ஏத்திட்டுப் போயிருந்தா?"

"அதெல்லாம் அப்ப தோணலப்பா."

"சரி," என்றார். அம்மாவைப் பார்த்து, "மெக்கானிக் இல்லன்னா ஊருல யாரும் உக்காராமயா போயிடுவாங்க? உக்காருற வரைக்கும் சீட்டு கிழியும்" என்றார். அம்மா பதில் சொல்லாமல் மிஷினை வேகமாக மிதித்தாள். அன்றைக்குத் தைத்த தையல் கோணலாகப் போய், பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

அம்மா சொன்னபடியே ஷெட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பாதி தைத்த சீட்டுகளையும் தைக்காத சீட்டுகளையும் ஒரு வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். பட்டறை திடீரென்று பெரிதாகிவிட்டது. அப்பா ஈரத் துணியால் தரையைத் துடைத்தார். அந்தத் தரைக்குச் சிவப்பு நிறம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

விசாரணைக்கு முதல் நாள் டிரைவர் வந்தார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. காக்கி இல்லாத சட்டையில் அவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்மா. உனக்கும் பள்ளிக்கூடம், கூட்டாளிங்க இருக்காங்க. நடந்ததைச் சொன்னா நல்லது. அவ்வளவுதான்."

"உங்க பையன் என்ன சொல்றான் மாமா?"

"அவன் பேசுறதே இல்ல," என்றார் டிரைவர். "சாப்பிடுறான், போறான்."

டிப்போ மேனேஜரின் அறையில் டீசல் வாசனை. மேலே ஒரு மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. பெற்றோர்கள் சுவரோரமாக நின்றார்கள். மெக்கானிக்குக்கு மட்டும் நாற்காலி கிடைத்தது. டிப்போ வண்டிகளுக்கும் அவர்தான் வேலை பார்க்கிறவர். அப்பாவும் அம்மாவும் கதவருகே. அம்மா வருவதற்குச் சம்மதித்ததே, மகள் வாயை அடக்கத்தான்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. அலுத்துப்போன மனிதர். "ஒரே கேள்விதான் தம்பி. அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மா குளிச்சோம் சார்," என்றான் சுழி.

"சும்மா குளிச்சோம் சார்," என்றாள் ஒட்டு.

அடுத்தவனும் அதையே சொன்னான். ஒரே துணியில் வெட்டின மாதிரி ஒரே வார்த்தைகள். கட்டையன் முறை வந்தது. டிரைவர் மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"குளிக்கத்தான் சார்."

டிரைவர் கையிலிருந்த தொப்பியை மேஜை ஓரத்தில் மெதுவாக வைத்தார். இனி தனக்கு அது தேவைப்படாது என்று முடிவு செய்துவிட்ட மாதிரி வைத்தார்.

"நீ சொல்லும்மா," என்றார் மேனேஜர்.

"பொய் சார். பாறை மேலேருந்து இவனைக் குதிக்க வச்சாங்க. இவனுக்கு நீச்சல் தெரியாது. நாங்க எல்லாருமே குதிச்சிருக்கோம். குதிச்சாத்தான் கூட்டத்துல சேத்துக்குவோம்."

"நாங்கன்னா?"

"நானும்தான். போன வருஷம் நான் குதிச்சேன். மத்தவங்க குதிச்சப்ப கைதட்டியிருக்கேன். அது தப்பு. அதுக்காக இன்னைக்கும் கைதட்டணுமா?"

"இவ என் பையன் மேல ஏதோ கோவத்துல பேசுறா சார்," என்றார் மெக்கானிக். "ஒருத்தர் சொல்றதா, நாலு பேர் சொல்றதா?"

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "அதாம்மா. எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க, நீ மட்டும் ஒண்ணு சொல்ற."

அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது. மேனேஜரிடம் அல்ல, மகளிடம்.

"போன வருஷம் எப்போடி?"

"பெரிய லீவுல."

"காது வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் அழுதியே. தலைக்கு ஊத்துன தண்ணி காதுக்குள்ள போயிடுச்சுன்னு சொன்னியே."

"ஆமாம்மா."

அம்மா மகளை நெருங்கி வந்தாள். மகளை அடிக்கப்போகிறாள் என்றுதான் அப்பா நினைத்து ஒரு அடி முன்னே வந்தார். அவளோ சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"உங்க பிள்ளைங்களுக்கு யாருக்கெல்லாம் காது வலிச்சுது?"

பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க. நான் ஒருத்தியா காதுக்கு மருந்து ஊத்துனேன்? முதுகு செவந்து வந்தது யாரு? தொடையில கன்னிப்போய் வந்தது யாரு? படிக்கட்டுல விழுந்தேன், சைக்கிள்லேருந்து விழுந்தேன்னு சொல்லியிருப்பாங்களே."

"இது என்னம்மா, பஸ் விசாரணையா, ஆஸ்பத்திரியா?" என்றார் மெக்கானிக்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே. சீட்டைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. இனிமே உங்களுக்கு நான் பயப்படணும்னு ஒண்ணும் இல்ல."

ஒட்டின் அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெஞ்சு இடிச்சுதுன்னு சொன்னியேடி," என்றாள் மெல்ல. "முதுகு பூராவும். பெஞ்சா அது?" ஒட்டு உதட்டைக் கடித்தாள், பிறகு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில், "நான் வேணாம்னு சொன்னேன், கைதட்டிக்கிட்டே இருந்தாங்க" என்றாள். இன்னொரு பையனின் அப்பா மகனின் சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கைத் தழும்பைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் நாலு பேரும் ஒரே கதையைச் சொல்லவில்லை. ஆளுக்கொன்று பேசினார்கள். சுழி மட்டும் கடைசிவரை குளித்தோம் என்றே நின்றான். கட்டையனும் வாயைத் திறக்கவில்லை.

டிரைவருக்கு வேலை போகவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்து, ஊருக்கு வெளியே தூரத்து ரூட்டுக்கு மாற்றினார்கள். ரூட்டை விட்டது தப்பு தப்புதான் என்றார் மேனேஜர். "ஆமா சார்," என்றார் டிரைவர். "மறுபடி கேட்டா மறுபடி திருப்புவேன். அதையும் எழுதிக்கங்க."

மெக்கானிக்கின் வேலை திரும்பி வரவே இல்லை. அப்பா சைக்கிளில் போய்ப் பக்கத்து ஊர்களில் கேட்டு, சினிமா கொட்டகை நாற்காலிகளைத் தைக்கிற வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு பல் டாக்டர் தன் நாற்காலியை அனுப்பினார். அதைப் பார்த்தாலே தனக்குக் கடைவாய் வலிக்கிறது என்று அப்பா சொன்னார். அம்மா மகளிடம் சரியாகப் பேசப் பல நாள் ஆயிற்று. குதித்ததற்கான கோபம். தினமும் காதைப் பிடித்து இழுத்து, "கேக்குதா?" என்று மட்டும் கேட்பாள்.

ஒருநாள் சாயங்காலம் கட்டையன் பட்டறைக்கு வந்தான். கொட்டகை நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஊசி பின் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல என்னைச் சேக்க மாட்டேன்றாங்க," என்றான். "உன்னாலதான் எல்லாம்."

அவள் நிமிராமல் இன்னொரு பின்னைப் பிடுங்கினாள்.

"நீ பேசாம இருந்திருந்தா நான் குதிச்சிருப்பேன். ஒரு நிமிஷ வேலை. எல்லாரும் மறந்திருப்பாங்க."

"ஆமாடா. குதிச்சிருப்ப. எல்லாரும் உன்னை மறந்திருப்பாங்க."

அவன் வாசலில் நின்றான். போகவும் இல்லை. "அப்பாவோட இன்னும் பேசலை," என்றான்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்? போய்ப் பேசு. அதுக்கும் யாராவது கைதட்டணுமா?"

அவன் போய்விட்டான். பேசினானா என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

வகுப்பில் அவளுடைய பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவேதான் இருந்தது. ஒட்டுகூட இன்னும் பின்னால்தான். எல்லார் முன்னாலும் தன்னை அழவைத்ததை மன்னிக்க ஒட்டுக்கு அவகாசம் வேண்டியிருந்தது. சுழி புதிதாக ஒன்று கண்டுபிடித்திருந்தான். காலையில் வாத்தியார் எண் சொல்லி வருகை எடுக்கும்போது, ஊசியின் எண் வந்ததும் பின்பெஞ்சிலிருந்து யாராவது அடிக்குரலில், "கோள்மூட்டி" என்பார்கள். வகுப்பே குனிந்து சிரிக்கும். முதல் இரண்டு நாள் அவள் பதில் அந்தச் சிரிப்பில் அமுங்கி, வாத்தியார் இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாளும் அவள் எண் வந்தது.

"கோள்மூட்டி."

ஊசி எழுந்தாள். பெஞ்சைத் தள்ளிக்கொண்டு, சத்தம் வர எழுந்தாள். திரும்பிப் பின்பெஞ்சைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை.

"உள்ளேன் ஐயா," என்றாள், பக்கத்து வகுப்புக்கே கேட்கிற மாதிரி.

சிரிப்பு வரவில்லை. வர வேண்டிய இடத்தில் ஒரு இருமல் மட்டும் வந்தது. வாத்தியார் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்தடுத்த எண்களைச் சொன்னார். கட்டையனின் எண் வந்தது. "தொடைநடுங்கி," என்றது பின்பெஞ்சு.

அவன் எழுந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. வழக்கமாக வருகிற சிரிப்பு உதட்டில் வந்து, நிற்காமல் போயிற்று. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க முன்னால் நடந்து வந்து, ஊசியின் பெஞ்சில் அந்தக் கோடியில் உட்கார்ந்தான்.

"எண் சொன்னேனே," என்றார் வாத்தியார்.

"உள்ளேன் ஐயா," என்றான் அங்கிருந்து.